பென்சில் குறி

அண்ணனின் பெட்டியை மூடப்போகிறார்கள், கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள் என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள். ஒஸ்வல்ட் போகவில்லை. சக்ஸபோனில் பூட்டும் நாணல் சீவலான றீட்டை நாக்கில் வைத்து நனைத்தபடி முற்றத்தில் நின்றான். வாயில் றீட் இருந்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பாண்ட்காரர் பதினொரு பேரும் நேற்று நடன விருந்துக்குப் போட்ட வெள்ளைக் கோட்டுகளையே போட்டு வந்திருந்தார்கள். அவர்களிடம் வேறு கோட்டு இல்லை. ட்ரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கனகசிங்கம் மாஸ்டர் வந்தார்.

"நேத்து வாசிச்ச அந்த மெதுவான பாட்டையே எடுப்பம் தம்பி. அது உன்ர அண்ணன்ர பாட்டு. நடுத்துண்டு நீதான். நேத்து என்னமா ஊதினாய்! பட்டாளத்தான் எல்லாம் எழும்பி நிண்டெல்லோ கைதட்டினான்."

ஒஸ்வல்ட் தலையை ஆட்டினான்.

அது அண்ணன் பெனடிக்ற் ஊத வேண்டிய துண்டு. மூன்று மாதமாக இருமல் விடாததால்தான் தம்பியிடம் வந்தது. நேற்றுக் காலை பெனடிக்ற் கட்டிலில் சாய்ந்திருந்து, பாட்டுத் தாளில் பென்சிலால் ஒரு குறி போட்டான்.

"ஒருக்கா ஊதிக் காட்டுடா."

"றீட் தேஞ்சிரும் அண்ணன். இந்தச் சண்டைக்காலத்தில வேற எங்க வாங்கிற?"

"சரி, ஊதாத. இந்தக் குறியில மட்டும் நில்லு. ஒரு மூச்சு எடுத்திட்டு மறுகா போ."

"உனக்கு மூச்சில்ல, நிக்கிறாய். எனக்கு இரிக்கே."

பெனடிக்ற் கோபப்படவில்லை. "மூச்சுக்கில்லடா. அந்த இடத்திலதான் ஆடுறவங்க ஒருத்தர்ர முகத்த ஒருத்தர் பாப்பாங்க."

ஒஸ்வல்ட் தாளை அங்கேயே போட்டுவிட்டுப் போனான். பொழுது சாயும் நேரம், வாவிக்கு அக்கரையில் பட்டாள முகாம் மண்டபத்தில், மற்ற வாத்தியங்கள் எல்லாம் தணிந்து அவனுக்கு வழிவிட்டன. குறி இருந்த இடத்தை ஒரே மூச்சில் தாண்டினான். கைதட்டல் ஓயவே நேரமெடுத்தது. தோணி இக்கரைக்குத் திரும்பியபோது துறையில் செய்தியோடு ஆட்கள் நின்றார்கள்.

இப்போது மச்சி, அண்ணனின் மனைவி, வெளியே வந்தாள். கையில் அந்தத் தாள்.

"அவர்ர தலகாணிக்குக் கீழ கிடந்தது தம்பி. நேத்து ஜன்னலத் திறக்கச் சொன்னார். காத்து இஞ்சாலதான் அடிச்சிது. எல்லாம் கேட்டது."

ஒஸ்வல்ட் றீட்டை வாயிலிருந்து எடுத்தான். "என்ன சொன்னார் மச்சி?"

"கட்டில் சட்டத்தில விரலால தட்டிக்கிட்டே கிடந்தார். ஒரு இடத்தில தட்டாம விட்டார். 'நிக்காமப் போறான் பாரு' எண்டு சிரிச்சார். மறுகா கதைக்கல்ல." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "அதென்ன தம்பி, நிக்காமப் போறது?"

அவன் றீட்டை மறுபடி வாயில் வைத்துக்கொண்டான்.

பெட்டி தெருவுக்கு வந்தது. மாஸ்டர் கையை உயர்த்த, பாட்டு எழுந்தது. பெட்டியைச் சுமந்த ஆறு பேர் அதன் தாளத்துக்கே கால் வைத்து நடந்தார்கள். கோவில் சந்தி திரும்பும்போது மற்ற வாத்தியங்கள் தணிந்தன. ஒஸ்வல்ட் தனியாக ஊதினான். குறி இருந்த இடம் வந்தது.

நின்றான்.

ஊதல் முடிந்துவிட்டதென்று எண்ணிப் பெட்டியைச் சுமந்தவர்களும் தூக்கிய காலை வைக்காமல் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவன் மூச்செடுக்கும் சத்தம் கேட்டது. நடந்தார்கள்.