பாரம் ஏற்றினால் திறக்காத கதவு

எங்கள் பிக்கப் வண்டியில் நான் உட்காரும் பக்கத்துக் கதவு, பாரம் ஏற்றினால் திறக்காது. இறக்கிவிட்டால் திறக்கும். முதல் தடவை சொன்னபோது என் வீட்டுக்காரர் கீலுக்கு எண்ணெய் விட்டார். இரண்டாம் தடவை சொன்னபோது, நான் கதவை அறைந்து சாத்துவதால்தான் இப்படி ஆகிறது என்றார். மூன்றாம் தடவை நான் சொல்லவில்லை. கோபம் வந்தால் எனக்கு வாய் மூடிக்கொள்ளும், மூளை வேலை செய்ய ஆரம்பிக்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இது மட்டும் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

எங்கள் தொழில், வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது. ஓட்டுவதும் கயிறு கட்டுவதும் அவர். எதன் மேல் எது போகலாம், எது எதோடு உரசக் கூடாது என்று பார்ப்பது நான். அந்த வேலையில் இருப்பவளுக்கு, ஒரு வண்டி பாரத்தை எப்படித் தாங்குகிறது என்பது உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை.

வண்டிக்கு வயதாகிவிட்டது. இந்த ரக வண்டிகளுக்கு அடியில் மொத்தப் பாரத்தையும் தாங்கும் இரும்புச் சட்டம், அதாவது சேஸிஸ், துருப்பிடிக்கிறது என்று கம்பெனியே அறிவித்து, கொண்டு வாருங்கள், இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்று கூப்பிட்டிருந்தது. நாங்களும் போனோம். அங்கே சோதனை போடுகிறவர் என் சொந்த அண்ணன். அடியில் படுத்து, சுத்தியலால் தட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று முன் கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார். என் வீட்டுக்காரருக்கு அதற்கு மேல் அப்பீல் கிடையாது. மச்சானே தட்டிப் பார்த்துவிட்டார், இனி கடவுளே வந்து சொன்னாலும் நம்ப மாட்டார்.

அண்ணனிடம் கதவைப் பற்றிப் போனில் சொன்னேன். அவர் சிரித்தார். என் வாய்க்குப் பயந்துதான் கதவு அடைத்துக்கொள்கிறது என்றார். அவருக்கு நான் எந்த வயதிலும் பாப்பாதான். ஆனால் அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை, காசுக்கு மயங்குகிற ஆளும் இல்லை. என்னைக் குழப்பியதே அதுதான். அண்ணனும் பொய் சொல்லவில்லை, கதவும் பொய் சொல்லவில்லை.

அந்த வாரம் மலைமேல் ஊருக்கு ஒரு குடும்பத்தின் சாமான்கள் போக வேண்டியிருந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் என்று வளைந்து வளைந்து ஏறும் சாலை. நான் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டே, அப்படியானால் தான் மட்டும் போய் வருவதாகச் சொன்னார். பிடிவாதத்தில் அவர் எனக்குச் சளைத்தவர் இல்லை, நிச்சயம் போவார்.

"நம்ம வீட்டு சாமானை ஏத்தி அண்ணன்கிட்ட ஒரே ஒரு தடவை காட்டுங்க. பாரத்தோட பார்த்துட்டு அவர் சரின்னு சொல்லட்டும். அப்புறம் நானும் ஏறுறேன், கதவைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றேன்.

கடைசி வார்த்தைதான் அவரை அசைத்தது. மறுநாள் காலையில் எங்கள் இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி, கட்டில், நாற்காலிகள் எல்லாம் வண்டியில் ஏறின. அக்கம்பக்கத்தில் நாங்கள் வீட்டைக் காலி செய்கிறோமா என்று ஒருவர் விடாமல் விசாரித்தார்கள்.

சர்வீஸ் பட்டறையில் எங்கள் ரக வண்டிகளே வரிசையாக நின்றன. உள்ளே போகும் வழியில் முதலில் கழுவும் கொட்டகை, அடுத்து துருப்பிடிக்காமல் இருக்க சேஸிஸுக்குக் கறுப்பு மெழுகு அடிக்கும் கொட்டகை, கடைசியில் சோதனைக் கொட்டகை. அழுக்கு வண்டியை அங்கே யாரும் தொட மாட்டார்கள். பட்டறையின் பெருமையே அதுதான். கழுவிப் பளபளவென்று ஆன பிறகுதான் அண்ணன் கைக்கு வண்டி வரும். ஆனால் எங்கள் பீரோவின் உயரத்துக்குக் கழுவும் கொட்டகையின் கூரை இடித்தது. அதனால் சுற்றி வந்து, வண்டிகள் வெளியேறும் வழியாக நுழைந்து, சோதனைக் கொட்டகையின் வாசலில் குறுக்கே நிறுத்தினோம்.

அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார். கதவைத் திறக்கச் சொன்னேன். ஒரு கையால் இழுத்தார், பிறகு இரண்டு கையாலும் இழுத்தார். சிரிப்பு நின்றது. நாங்கள் இருக்கும் கேபினும் சாமான் ஏற்றும் பின்பெட்டியும் மேலே ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தார். அடியில் சேஸிஸ் நடுவில் தொய்ந்தால்தான் அப்படி முட்டும். நான் கியர் கம்பியைத் தாண்டி, ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்தேன். என் உடம்புக்கு அது சுலபமான காரியம் இல்லை, யாரும் சிரிக்கவில்லை.

வண்டிக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அவர் அடியில் போனார். சுத்தியலால் தட்டினார். மொத்தென்று, போன தடவை கேட்ட அதே சத்தம். பிறகு சுரண்டியைக் கேட்டு வாங்கி, மெழுகைச் சுரண்டினார். கறுப்புத் தோல் உரிந்து, அதோடு துரு ஏடு ஏடாக உதிர்ந்தது. மறுபடி லேசாகத்தான் தட்டினார். சுத்தியல் உள்ளே போய்விட்டது.

வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. "பாப்பா, நாங்க மெழுகு பூசிட்டுத்தான் தட்டுறோம். மெழுகு மேல தட்டினா நல்ல இரும்புக்கும் துருவுக்கும் ஒரே சத்தம்தான். எல்லா வண்டியையும் அப்படித்தான் தட்டியிருக்கோம்" என்றார்.

என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மலைச் சாலைதான் அவர் கண்ணில் ஓடியிருக்கும். என்னைப் பார்த்து, கீலுக்கு எண்ணெய் விட்டேனே என்றார். திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த முகத்தைப் பார்த்ததும் காணாமல் போய்விட்டது. அவர் உயிரோடு தரையில் உட்கார்ந்திருந்தார், எனக்கு அது போதும்.

அன்று பட்டறையைப் பார்வையிடக் கம்பெனி அதிகாரியும் வந்திருந்தார். மெழுகையும் சுத்தியலையும் ஒரே பெட்டியில் போட்டு அனுப்பியது கம்பெனி. எது முதலில் என்று அவர்கள் சொல்லவில்லை. முந்தைய முறை இதே அதிகாரி வந்து பார்த்து, சுத்தத்துக்காகப் பட்டறையைப் பாராட்டிவிட்டும் போயிருக்கிறார். இப்போது குனிந்து ஓட்டையைப் பார்த்தார். பழைய வண்டி என்றால் துருப்பிடிக்கத்தான் செய்யும், கம்பெனி என்ன செய்யும் என்றார்.

நான் பின்பெட்டியில் நின்ற பீரோவைக் காட்டினேன். "இதுவும் இரும்புதான் சார். இந்த வண்டிக்கு இருக்கற வயசு இதுக்கும் இருக்கு. எங்க வீட்டுல ஒழுகாத மழை கிடையாது. இது ஏன் சார் உதிரல?"

அண்ணனே பதில் சொன்னார். இந்த ரகத்தில் சேஸிஸ் குழாயின் அடிப்பக்கத்தை முழுக்க மூடிவிட்டார்கள், உள்ளே போன தண்ணீர் வெளியேற ஒரு துவாரம்கூட இல்லை, அடுத்து வந்த ரகத்தில் துவாரம் வைத்திருக்கிறார்கள் என்றார். துவாரம் வைத்தவர்களுக்குக் காரணம் தெரியாமல் இருந்திருக்காது என்றும் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் இறங்கி வரத் தொடங்கினார்கள்.

அதிகாரி கெட்டிக்காரர். உடனே குரலை உயர்த்தி, எல்லார் காதிலும் விழும்படி, கம்பெனிக்கு உங்கள் உயிர்தான் முக்கியம், இந்த வண்டியை இனி யாரும் ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது என்று அறிவித்தார். பிறகு எங்களை ஓரமாகக் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்தினார். எங்களுக்கு மட்டும் புது சேஸிஸ் போட்டுத் தருவாராம். மற்ற வண்டிகளைப் பற்றித் தலைமை அலுவலகம் பிறகு யோசிக்குமாம். ஸ்டிக்கர் ஒட்டியவை அதுவரை போகட்டுமாம். அண்ணனிடம், வேலை முக்கியம் இல்லையா என்று வேறு கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் தலையாட்டிவிடுவாரோ என்றுதான் பயந்தேன். வண்டி இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அதை மனதில் வைத்துத்தான் அதிகாரி பேசினார்.

அதற்குள் வெளியேறும் வழியில் ஹார்ன் சத்தம் காதைக் கிழித்தது. பச்சை ஸ்டிக்கர் வாங்கிய வண்டிகள் எங்கள் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றன. முன்னால் நின்ற ஒருவர், பக்கத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வழியை விடுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தார். வண்டியைக் கொஞ்சம் ஓரமாக எடுங்கள் என்றார் அதிகாரி.

என் வீட்டுக்காரர் சாவியை எடுத்தார், பார்த்தார், சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினார்.

"ஒரு அடிகூட நகர்த்தக் கூடாதுன்னு நீங்கதானே சார் இப்பதான் சொன்னீங்க" என்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "மச்சான், அந்தச் சுரண்டியை எடுத்துக்கிட்டு வாங்க."

அண்ணன் கத்திக்கொண்டிருந்தவரின் வண்டிக்குப் போய், தான் ஒட்டிய ஸ்டிக்கரைத் தானே கிழித்துவிட்டு அடியில் புகுந்தார். மெழுகைச் சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு சுத்தியலால் ஒரு தட்டு, உடனே அவர் நிறுத்திவிட்டார். அந்த மனிதர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்ஜினை அணைத்துவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கீழே இறக்கினார்.

அவருக்குப் பின்னால் ஒவ்வொரு வண்டியாக என்ஜின் அணைந்தது. என் வீட்டுக்காரர் எங்கள் நாற்காலிகளை இறக்கி அந்தப் பிள்ளைகளுக்குப் போட்டார். எனக்கும் ஒன்று போட்டார். வெளியேறும் வழியின் நடுவில் நான் வசதியாக உட்கார்ந்துகொண்டு, தலைமை அலுவலகத்துக்கு இப்போதே போன் போடும்படி அதிகாரியிடம் சொன்னேன்.