எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன்

மனிதகுலம் இதுவரை பேசிய வாக்கியங்களிலேயே கேடுகெட்டது ‘எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன்’ என்பதுதான் என்று இல்லத்தின் வேன் டிரைவர் தீர்மானமாக நம்பினான். இல்லமே அதன்மேல்தான் எழும்பியிருந்தது. வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளைகளுக்காக சபையின் கார் ஷெட்டில் இரண்டு கட்டிலோடு தொடங்கியது, பிறகு பெற்றோரையும் உட்காரவைத்துப் பேச ஓர் அறை, அப்புறம் மாடி. ஒவ்வொன்றுக்கும் காணிக்கை கேட்கும்போது போதகர் ஐயா மைக்கைப் பிடித்து அந்தப் பையனைக் கதைக்குள் அழைத்துவந்தார். பையன் திருடினான், குடித்தான், மனந்திரும்பினான்.

“இந்நேரம் அவனுக்குப் பேரன் பொறந்திருக்கணும். இன்னும் பையனாவே சுத்துறான்” என்பான் டிரைவர். சமையல்கார அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவனும் அங்கே வளர்ந்தவன்தான். கேலி பண்ண உரிமை இருந்தது.

பொன்விழாவில் ஐயா இல்லத்தின் வரலாறு சொன்னார். நடுவில் பையன் வந்தான். இந்தமுறை திருடவில்லை. அவனைத் திரும்ப அழைத்துப்போக அம்மா வந்திருந்தாள்; அவன் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டான். அவள் கொஞ்சநேரம் நின்றாள், போர்வையை இழுத்துவிட்டாள், போய்விட்டாள். அப்புறம் வரவேயில்லை.

டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தான். சின்ன வயதில், ஜெப அறையில், ஐயாவிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்னது அது.

அரங்கம் முழுக்கக் கைக்குட்டைகள். “பாவம், யாரு பெத்த பிள்ளையோ” என்றாள் அக்கா.

“தெரியலக்கா.”

மேடைக்குப் பின்னால் ஐயாவைப் பிடித்தான். “நமக்குள்ளன்னு சொன்னீங்களே ஐயா.”

“பேர் சொல்லலையேப்பா” என்றார் அவர், நிஜமாகவே புரியாமல். தோளைத் தட்டிவிட்டு போட்டோவுக்குப் போனார்.

வண்டியிலேயே இருந்த சாவியை எடுத்து அலுவலக மேசையில் வீசிவிட்டுப் போய்விடுவதென்று வேன் பக்கம் வந்தான். பின்சீட்டில், போன மாதம் இல்லத்துக்கு வந்த சின்னப் பெண் சாய்ந்து கிடந்தாள். கதவருகே அவள் அம்மா, கையில் பையோடு. மகளைக் கூட்டிப்போக வந்தவள்.

“தூங்குறா தம்பி. எழுப்ப மனசு வரல. நான் கிளம்புறேன்.”

அந்த மூடிய கண்களை அவனுக்கு நன்றாகத் தெரியும். இமை கொஞ்சம் இறுகலாக இருக்கும்.

“ஒரு நிமிஷம் நில்லுங்கம்மா” என்றான். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மெல்ல ஆரம்பித்தான்.

“எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன்...”

கண்ணாடியில், பின்சீட்டில், இமைகள் அசைந்தன.