மரியாதையாகத்தான் பேசினார்கள்

ஆரணிக்கு வந்த எட்டு மாதத்தில் இனியா தன் பேச்சைச் சல்லடையில் சலித்து வைத்திருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, நெசவாளர் தெருவில் மாடி வீடு. ஊர் எது என்று கேட்டால் கலசப்பாக்கம் பக்கம் என்பாள். அடுத்த கேள்வி வருவதற்குள் பேச்சை மாற்றிவிடுவாள். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் லோகநாதனின் மனைவி திலகவதி, இருபது வயது மூத்தவள் என்றாலும், "வாங்கம்மா, சாப்ட்டீங்களா" என்றுதான் கேட்பாள். மாதாமாதம் சர்க்கரை பார்க்க இனியாவிடம்தான் கையை நீட்டுவாள்.

மாசியில் அம்மா கண்ணகி வருவதாகச் சொன்னபோது, இனியா போனிலேயே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். திலகவதியை அக்கா என்று கூப்பிட வேண்டும். நாற்காலி போட்டால் உட்கார வேண்டும். காபி கொடுத்தால் டம்ளரைக் கழுவி வைக்கக் கூடாது.

கண்ணகி எதையும் மறக்கவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து, அக்கா அக்கா என்று மல்லாட்டை விளைச்சலைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள். அப்போது லோகநாதனின் வண்டி வாசலில் வந்து நின்றது. வெள்ளை வேட்டியைப் பார்த்ததும் கண்ணகியின் உடம்பு தானாக எழுந்தது. முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள்.

"கும்புடறேன் சாமி."

நாற்பது வருடம் அடுத்தவர் நிலத்தில் நின்று சொல்லிப் பழகிய வாய். லோகநாதன் சாவியை விரலில் சுழற்றியபடி சிரித்தார்.

"கலசப்பாக்கத்துல ஊருக்குள்ளங்களா, வெளியவா?"

கண்ணகி மகளைப் பார்த்தாள். திலகவதி காலி டம்ளரை எடுக்காமலே உள்ளே போனாள்.

அந்த மாதம் அவள் கையை நீட்டவில்லை. வேறு இடத்தில் பார்த்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டாள். வாங்க என்பது வா ஆயிற்று, பிறகு அதுவும் நின்றது. ஒரு நாள் காலையில் லோகநாதன் படிக்கட்டில் வழிமறித்தார்.

"இன்னா, நீ எப்ப காலி பண்ணப்போற?"

இனியா சொல்லிவிட்டாள். "பதினோரு மாசத்துக்கு அக்ரிமெண்ட் இருக்குங்க. எப்பவும் போல நீங்கன்னே பேசுங்க."

அவர் சிரித்தார். "சரிங்க மேடம்" என்று வழிவிட்டார்.

மறுநாள் தெருவே அப்படிப் பேசியது. மளிகைக் கடைக்காரர், பால் பாக்கெட் போடுபவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லோரும். வாங்க மேடம், பார்த்துப் போங்க மேடம். குழாயில் தண்ணீர் நின்றபோது, மோட்டார் கெட்டுப்போச்சுங்க என்றார்கள். வாசல் கேட்டில் புதுப்பூட்டு தொங்கியபோது, சாவி காணோங்க என்றார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. மேடம் என்று காதில் விழுந்தாலே அவள் நடையை எட்டிப் போட்டாள்.

வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. பதினோரு மணிக்குத் தெருவில் பவர்லூம்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தச் சத்தமில்லாத தெரு எப்படி இருக்கும் என்று அவள் அதுவரை அறிந்ததில்லை. பிறகு படியில் காலடிகள். பத்துப் பன்னிரண்டு பேர். கதவைத் திறந்து, நகருங்க மேடம் என்று சொல்லி, அவளுடைய கட்டில், பாத்திரம், புத்தகங்கள் எல்லாவற்றையும் தூக்கிக் கீழே தெருவில் இறக்கினார்கள். கண்ணாடி இருக்குது, மெதுவாங்க என்று ஒருவர் மற்றவரை எச்சரித்தார்.

காவல் நிலையத்தில் புகார் எழுதும் ரைட்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "சாதி பேரச் சொல்லித் திட்னாங்களாம்மா? கெட்ட வார்த்த எதுனா? இன்னா சொன்னாங்களோ அத அப்டியே சொல்லு."

"மேடம்னு சொன்னாங்க."

ரைட்டர் பேனாவை மூடினார். இருக்கும் சாமானை எடுத்துக்கொண்டு வேறு வீடு பார்ப்பதுதான் நல்லது என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் லோகநாதன் வண்டிமேல் சாய்ந்து நின்றிருந்தார். அவளைக் கண்டதும் நிமிர்ந்து நின்றார்.

"முடிஞ்சிதுங்களா மேடம்? உங்கம்மா ஊட்டாண்ட வுட்ரட்டுங்களா? அவங்க ஊடு எதுன்னு விசாரிச்சிட்டேங்க."

கண்ணகி அந்த நேரம் வீட்டில் தனியாக இருப்பாள். வாசலில் வெள்ளை வேட்டி தெரிந்தால் எழுந்து நிற்பாள்.

போனை எடுத்து அம்மாவை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்படியே திரும்பி, மறுபடி நிலையத்துக்குள் ஏறி, புகாரைத் தானே எழுத ரைட்டரின் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கேட்காமலே எடுத்தாள்.