சிலமலையிலிருந்து ஒரு மூக்கு

1

இந்தக் கதை பெரிய சிந்தனையிலிருந்து பிறந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் என் கூச்சத்திலிருந்து பிறந்தது. போடிநாயக்கனூர்ச் சந்தையில் ஒருவர் பழைய தையல் மிஷின் ஒன்றைத் தட்டிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், கடைசியில் குனிந்து முகர்ந்தும் பார்த்தார். ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பதிலை நானே இட்டுக்கட்டத் தொடங்கினேன். கதையை 1913இல் வைத்தேன். அந்த வருடத்து ஆள் யாரும் வந்து என்னைத் திருத்தப் போவதில்லை.

2

"மலைச்சரிவில் மேகம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு..."

(வேண்டாம். மேகத்துக்கும் மிஷினுக்கும் என்ன சம்பந்தம்?)

"காசிமாயன் விழுந்தபோது மாடுகள் திரும்பிப் பார்த்தன. அவற்றின் கண்களில்..."

(இதுவும் வேண்டாம். முதல் வரியிலேயே அழவைக்கிற ஆளை எனக்குப் பிடிக்காது.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். காசிமாயன் ஏலத்தோட்டங்களிலிருந்து பொதிமாடுகளில் மூட்டை இறக்குகிறவன். சரிவில் விழுந்து முழங்கால் போயிற்று. இனி மலையேற முடியாது. அவன் மனைவி சுருளியம்மாள் கையூசியால் ஏலக்காய்ப் பை தைப்பவள். ஏலக்காய் மண்டிக்காரர் அந்தப் பருவத்துப் பைகள் முழுவதையும் அவளையே தைக்கச் சொன்னார். கைத்தையல் அதற்குக் காணாது. மாடுகளை விற்றார்கள். தடித்த சாக்கைத் தைக்கிற பழைய மிஷின் ஒன்று வாங்கக் கிளம்பினார்கள். மிஷின் தவறிப்போனால் மாடும் இல்லை, பிழைப்பும் இல்லை.

3

தோட்டத்து பங்களாக்களில் கழித்துப் போட்டதை வாங்கி விற்பவர் வீரையா. விற்ற பொருளைத் திரும்ப எடுக்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. அவர் கடையில் இரண்டு மிஷின்கள் இருந்தன. ஒன்று குதிரைச் சேணம் தைத்தது. பளபளவென்று இருந்தது; நாலு மடிப்புச் சாக்கில் ஊசி திக்காமல் இறங்கியது. மற்றது கூடாரத் துணி தைத்தது. மிதிபலகை ஆடியது, ஓட்டினால் தெருவே திரும்பிப் பார்த்தது. ஆனாலும் தையல் விழுந்தது.

சுருளியம்மாள் தான் கொண்டுபோன சாக்கில் இரண்டிலும் தைத்துப் பார்த்தாள்.

"சேணத்துக்கு மீன் எண்ணெ பூசுவாகளே அண்ணே. இதுல இறங்கியிருக்காதா?"

"எல்லாம் தொடைச்சாச்சு ஆத்தா. நீயே மோந்து பாரு" என்றார் வீரையா.

(இது அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது: ஏலக்காய் பக்கத்தில் இருக்கிற வாடையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். வாடையடிக்கிற பையை மண்டிக்காரர் தொடக்கூட மாட்டார்.)

முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. காசிமாயன் மிஷினின் இரும்புச் சக்கரத்தையே முகர்ந்தான்.

"நல்ல ஏலக்கா வாசமா அடிக்குது புள்ள. இதையே எடுத்துருவோம்."

"இரும்புலயா?"

அவள் கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கையை முகர்ந்தான், துண்டை முகர்ந்தான். எல்லாம் ஏலக்காய்தான்.

"நம்ம மூக்கு ஊறிப்போச்சு. இத நம்பி வாங்க முடியாது" என்றாள் சுருளியம்மாள்.

"என் மூக்கு இருக்குல்ல ஆத்தா?"

"விக்கிறவக மூக்கு எனக்கு வேணாம்ண்ணே."

4

இந்த இடத்தில் நான் சுருளியம்மாளைச் சந்தேகப்பட்டேன். மீன் எண்ணெய்கூடவா தெரியாமல் போகும்? ஒரு நாள் உட்கார்ந்து ஏலக்காய்க்குக் காம்பு கிள்ளிவிட்டு மண்ணெண்ணெய் டின்னை முகர்ந்தேன். ஏலக்காய் மணத்தது. அவளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஏலக்காய் படாத மூக்கு வேண்டும். காசிமாயனின் அக்கா பாண்டியம்மாள் சிலமலையில் வயல்வேலை பார்ப்பவள். அன்று சந்தைக்கு வந்திருந்தாள். சங்கடம் என்னவென்றால், விற்ற மாடுகள் அவள் கன்றிலிருந்து வளர்த்துத் தம்பிக்குக் கொடுத்தவை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றிருந்தார்கள். மாடு விற்ற நாளோடு பேச்சு நின்றுபோயிருந்தது.

"அவகிட்டயா? செத்தாலும் போக மாட்டேன்."

"நீங்க போக வேணாம். நான் போறேன்" என்று சுருளியம்மாள் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

5

முடிவு ஒன்று: பாண்டியம்மாள் வஞ்சம் தீர்க்க மாற்றிச் சொல்கிறாள். (ஒரு பக்கம் எழுதினேன். திருப்பி அனுப்பிய பைகள் வீடு நிறையக் கிடந்தன. எனக்கே சோறு இறங்கவில்லை. கிழித்துப் போட்டேன்.)

முடிவு இரண்டு: "என் மாட்ட வித்த கையி..." என்று அவள் சந்தை நடுவில்

(போதும். இதுவும் வேண்டாம்.)

முடிவு மூன்று: வந்தாள். தம்பி முகத்தைப் பார்க்கவில்லை. சேண மிஷினில் தைத்த சாக்கை எடுத்து முகர்ந்தாள், தூக்கி எறிந்தாள்.

"தூ! இதுக்குக் கருவாட்டுப் பானையே தேவல."

மற்றதை முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

"இதுல ஒண்ணுமில்ல. சாக்குதான் மணக்குது."

"நெசமாவா மதினி?"

"மாட்டத்தான் கேக்காம வித்தீக. இதையாச்சும் கேட்டீகளே."

"கேட்டிருக்கணும்க்கா" என்றான் காசிமாயன்.

"சரி, ஆள விட்டு வெரசாத் தூக்கச் சொல்லு. எங்க ஊரு வண்டி நிக்கிது, அதுல போட்டு வீட்டுல இறக்குவோம்."

பருவம் தொடங்கியதும் மண்டிக்காரர் முதல் பையை முகர்ந்தார், ஏலக்காயை அதில் கொட்டச் சொல்லிவிட்டு அடுத்த பையை எடுத்தார். சுருளியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நானும் அப்பாடா என்று பேனாவை வைத்தேன்.

6

இதோடு முடித்திருக்க வேண்டும். முடியவில்லை. பாண்டியம்மாள் அத்தனை சீக்கிரம் இரங்குவாளா, அல்லது நான்தான் இரங்க வைத்தேனா? எனக்குத் தெரியவில்லை. இவர்களோடேயே கிடந்து என் மூக்கும் ஊறிப்போயிற்று. கதையில் எங்கே முகர்ந்தாலும் நல்ல வாசமாகத்தான் இருக்கிறது, இரும்புச் சக்கரத்தில்கூட.

நீங்கள் வெளியிலிருந்து வருகிறீர்கள். இந்தத் தையலைக் கொஞ்சம் முகர்ந்து பாருங்கள். வாடையடித்தால் பிரித்துவிட்டு நீங்களே தைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. சந்தையில் கேட்காமல் வந்தவன், இந்த முறை கேட்டுவிட்டேன்.