நாற்பது நிமிட வெளிச்சம்

ஊரில் பாதி வீட்டுக்கு விளக்கு மாட்டிய எலக்ட்ரீஷியனுக்குத் தன் வீட்டில் ஒரு பல்பைப் போட வழியில்லை. தலைக்குள் கட்டி வந்ததிலிருந்து அவர் மனைவிக்கு விளக்கு வெளிச்சம் ஆகாது, கண்ணில் ஊசி குத்துகிறது என்பாள். ஜன்னல் வெளிச்சத்தை மட்டும்தான் தாங்குவாள். டாக்டர் எப்போதோ கையை விரித்துவிட்டார்.

"எல்லா போட்டோலயும் என்கூட யாராவது நிக்கறாங்க. எனக்குன்னு தனியா ஒண்ணு எடுங்க. அப்புறம் மாட்டறதுக்கு வேணுமில்ல," என்றாள் ஒருநாள், கடையில் சோப்பு வாங்கிவரச் சொல்வது போல. "ஆனா உங்க போட்டோ கிளப்புல காட்டிக் கேட்டுட்டு வாங்க. நீங்க எப்படி இருந்தாலும் நல்லாருக்குன்னுதான் சொல்வீங்க."

ஜன்னலோரம் நாற்காலி போட்டு எடுத்தார். அந்தப் படம்தான் இந்த ஞாயிறு மதியம் அச்சகத்து மாடியறையில், கிளப்பின் பலகையில் குத்தப்பட்டிருந்தது.

கிளப்பில் ஒரு சட்டம் உண்டு. படத்தின் கீழே பெயர் இருக்காது. எல்லோரும் பேசி முடிக்கும்வரை எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்பதையே அங்கே யாரிடமும் மூச்சுவிடாத மனிதருக்கு அது பெரிய சிரமமும் இல்லை.

"ஃப்ளாஷ் போடல. ஜன்னல் வெளிச்சம் கன்னத்துல விழுந்து கழுத்துல எப்படிக் கரையுது பாருங்க. எனக்கெல்லாம் இது வராது," என்றார் மருந்துக்கடைக்காரர். எலக்ட்ரீஷியனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

அடுத்தது கணக்கு டீச்சர். யாருக்கும் தாட்சண்யம் பார்க்காத மனுஷி. பலகைக்குக் கிட்டே போய்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"வெளிச்சம் சரி. ஆனா அந்த வெளிச்சத்துக்காக இந்தம்மாவ ரொம்ப நேரம் உட்கார வெச்சிருக்காங்க. கையப் பாருங்க, நாற்காலிப் பிடிய விட்டா விழுந்துடுவாங்க போல. கண்ணு எப்ப முடியும்னு கேக்குது. எடுத்தவர் வெளிச்சத்தப் பாத்தாரு, ஆளப் பாக்கல."

எலக்ட்ரீஷியன் தலையைக் குனிந்துகொண்டார். உண்மைதான். ஒரு பாழாய்ப்போன மேகம் விலகட்டும் என்று நாற்பது நிமிடம் அவளைக் காக்க வைத்தார். "ஆச்சாங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். "இதோ, இதோ" என்றார். அன்று சாயங்காலம் படுத்தவள்தான், பதினோரு நாளாக எழுந்து உட்காரவில்லை. நோய் முற்றிவிட்டது என்றார் டாக்டர். நாற்பது நிமிடம்தான் காரணம் என்று இவருக்கு மனசு அடித்துக்கொண்டது.

"அஞ்சு நிமிஷ வேலைதான்," என்று டீச்சர் முடித்தார். "கைய மடியில வெச்சு, நிழல் பக்கம் வெள்ளத்துணி பிடிச்சு இன்னொரு தடவ எடுக்கச் சொல்லுங்க."

இப்போது எடுத்தவர் பேசலாம். எலக்ட்ரீஷியன் எழுந்தார். "சரிங்க. திரும்ப எடுக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் படத்தைக் கழற்றிக்கொண்டு இறங்கினார்.

வீட்டில் அவள் விழித்திருந்தாள். "என்ன சொன்னாங்க?"

"குறையே இல்லன்னாங்க."

"அந்த டீச்சரம்மா கூடவா?"

அவருக்குப் பொய் சொல்லவும் வராது. ஒன்றுவிடாமல் சொன்னார்.

"நல்லாத்தான் பாத்திருக்காங்க," என்றாள். "வெள்ள பெட்ஷீட் பீரோ மேல்தட்டுல இருக்கு. படுத்தபடியே எடுங்க."

பெட்ஷீட்டை விரித்து நாற்காலி முதுகில் கட்டினார். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு அவள் முகத்தின் நிழல் பக்கத்துக்குத் திரும்பியது. டீச்சர் சொன்னது சரி, நிழல் தெளிந்துவிட்டது. கேமராவைக் கண்ணில் வைத்தார். அத்தனை நாள் நிழல் மறைத்துவைத்திருந்தது எல்லாம் தெரிந்தது: குழிந்த நெற்றிப்பொட்டு, கோணிய உதடு, பாதிதான் மூடிய இமை. சுவரில் மாட்டித் தினமும் பார்க்கிற முகம் இல்லை அது. விரல் பட்டனில் இருந்தது. அழுத்த மனசு வரவில்லை. வெட்கமில்லாமல் அழுகை வந்தது. சத்தம் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவைக் கீழே வைத்தார்.

"ஆச்சாங்க?"

"ஆச்சும்மா."

"இந்தத் தடவ சீக்கிரம் முடிச்சிட்டீங்க," என்று சொல்லிவிட்டு அவள் நிம்மதியாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.