டப்பாக் கிழங்கு

அந்த டப்பாவை என் வீட்டுக்காரர் அடுப்பங்கரையில் கொண்டுவந்து வைத்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. மேலே ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று தூள். துணிக்குப் போடுகிற சோடாவுக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மோந்து பார்த்தேன். வாசனையே இல்லை. வாசனை இல்லாத தின்பண்டத்தை எப்படி நம்புவது?

“உருளைக்கிழங்கு மசியலு, தையலு. பாண்டிச்சேரியில வாங்கினேன். வேக வெக்க வேணாம், தோலு உரிக்க வேணாம். சுடுதண்ணி ஊத்தினா ஆச்சு. ரசத்துக்குத் தொட்டுக்கலாம்” என்றார்.

பாண்டிச்சேரி என்ற பேரே அந்த வாரம் எனக்கு ஆகவில்லை. விழுப்புரத்திலிருந்து அங்கே போகிற பாசஞ்சர் வண்டிக்கு அவர் கார்டு. வாரத்தில் மூன்று ராத்திரி அங்கே ரயில்வேக்காரர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் படுக்கை, சாப்பாடு என்று பெயர். திங்கட்கிழமை விழுப்புரம் மார்க்கெட்டில் அந்த ரன்னிங் ரூம் சமையல்காரர் முருகையனைப் பார்த்தேன். சொந்த ஊரான விக்கிரவாண்டிக்கு பஸ் ஏற நின்றிருந்தார். “எங்க வீட்டுக்காரருக்குக் காரம் கொஞ்சம் தூக்கலாவே போடுங்க” என்று பேச்சுக்குத்தான் சொன்னேன்.

“சாரு என் கையால சாப்ட்டு ரெண்டு வருசம் ஆவுதேம்மா. வண்டிய உட்டு எறங்கினதும் வெளில போயிடறாரு...” என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் பஸ் வந்துவிட்டதென்று ஓடினார். பஸ் வரவில்லை.

நாலு நாளாக நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம். கல்யாணமாகிப் பதினாலு வருஷம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. திண்டிவனத்தில் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மயிலத்துக்கும் போய் முருகனிடம் அழுதுவிட்டு வருவேன். “நமக்கு நாம போதும் தையலு” என்பார் அவர். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன்.

அடுப்பில் தண்ணீர் வைத்தேன். “தளதளன்னு கொதிக்க உடாத, கட்டி தட்டிக்கும்” என்று உள்ளே வந்தார். தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடிக்காத மனிதர், கரண்டியை என் கையிலிருந்து வாங்கினார். தூளை மூன்று கரண்டி அளந்து போட்டார். பாலைத் தேடி எடுத்து ஊற்றினார். நான் மிளகாய்த்தூளை எடுத்ததும், “காரம் வேணாம்” என்று தடுத்தார். மோர்ச்சோற்றுக்கே நாலு பச்சை மிளகாய் கடிக்கிற ஆள்.

“யாரு சொல்லிக்குடுத்தாங்க?”

“டப்பாவுலயே போட்டுக்கிறானே.”

டப்பாவில் இருந்தது பிரெஞ்சு. அதில் ஒரு வார்த்தைகூட அவருக்குத் தெரியாது.

நாலே சுற்றில் தூள் வெண்ணெய் மாதிரி திரண்டு வந்தது. பழகின கை. எனக்கு அழுகை முட்டியது, அதைவிடக் கோபம். நாலு நாளாக அங்கே இருக்கிற ஒருத்தியைப் புடவை புடவையாக, பூ பூவாக யோசித்திருந்தேன். கையில் பருப்புமத்து மாதிரி கரண்டியைப் பிடித்த புருஷனை மட்டும் யோசிக்கவில்லை.

சின்ன ஸ்பூனின் நுனியில் கொஞ்சம் எடுத்தார். அதில் துளியை மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துச் சூடு பார்த்தார். பூப்போல ஊதினார்.

“சாப்ட்டுப் பாரேன்” என்று என் வாய்க்கு நேராக நீட்டினார். நீட்டும்போதே அவர் வாயும் ‘ஆ’வென்று திறந்துகொண்டது. அவருக்கே தெரியாமல் திறந்தது. என் தங்கை காந்திமதி பிள்ளைக்கு ஊட்டும்போது பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு முன்னால் அவள் வாய்தான் திறக்கும்.

“கொழந்தைக்கு என்னா வயசுங்க?” என்றேன்.

ஸ்பூன் என் உதட்டுக்கு நேராக அப்படியே நின்றது. திறந்த வாயை அவர் இன்னும் மூடவில்லை.