கணக்கு மிஸ் மகள் எடுத்த கணக்கு

எங்கள் மெடிக்கல் காலேஜில் யாரைக் கேட்டாலும் ஸ்கூலில் பயாலஜி எடுத்த மிஸ்ஸைத்தான் கையெடுத்துக் கும்பிடுவார்கள். நான் கும்பிட வேண்டியது ஒரு கணக்கு மிஸ்ஸை. கணக்கு சொல்லிக் கொடுத்ததற்காக என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். கணக்கைப் பாதியில் விட்டுத் தொலைக்க என்னை விட்டதற்காக. அந்த மிஸ் என் அம்மா.

கிழக்குத் தாம்பரம் கேம்ப் ரோட்டில் இறங்கி 'சுப்ரஜா மிஸ் வீடு' என்றால் ஷேர் ஆட்டோக்காரர்கூட வழி சொல்வார். மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஒரு அறை, நாலு பெஞ்ச், ஒரு வெள்ளைப் போர்டு, ஒரு பக்கம் மட்டுமே திரும்பத் தெரிந்த டேபிள் ஃபேன். பத்தாவது சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு அங்கே அம்மா கணக்கு எடுப்பாள். கேட்டில் தொங்கும் போர்டில் அவள் பெயருக்குக் கீழே 'சென்டமே நம் இலக்கு' என்று ஒரு வரி இருந்தது. அது அப்பாவின் கைங்கரியம். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து கணக்கில் நான் வாங்கிய மார்க்கைச் சொன்னால் நீங்களே தலையில் அடித்துக்கொள்வீர்கள். அதனால் சொல்லவில்லை.

அம்மாவிடம் படித்தவர்கள் எல்லாருக்கும் இரண்டு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்தக் கணக்கானாலும் முதலில் 'கொடுத்தது' என்று ஒரு வரி, 'காண வேண்டியது' என்று ஒரு வரி எழுத வேண்டும். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளும் இதைத் தமிழில்தான் எழுத வேண்டும். ஏனென்றால் அம்மா தமிழ் மீடியத்தில் படித்தவள், அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. "கேட்டதுக்கு மட்டும் பதில் எழுது. கேட்காததைக் கண்டுபிடிச்சு யாருக்குக் குடுக்கப் போறே?" என்பாள். இன்னொன்று, விடைக்குப் பக்கத்தில் சென்டிமீட்டரோ கிலோவோ எழுதாவிட்டால் அரை மார்க் கட். பெற்ற மகள் என்றும் பார்க்க மாட்டாள்.

எனக்குக் கணக்கு புரியாமல் இல்லை. வீட்டில் போட்டால் வரும். பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் உள்ளங்கை ஈரமாகிவிடும். ஹாலில் இருக்கும் மற்றவர்கள் வெறும் பிள்ளைகள், நான் சுப்ரஜா மிஸ் பெண். அந்த நினைப்பிலேயே மைனஸ் எல்லாம் பிளஸ் ஆகிவிடும். அதைச் சரிக்கட்ட சாயந்திரம் முழுக்கக் கணக்கே போட்டுப் போட்டு, நன்றாக வந்துகொண்டிருந்த சயின்ஸும் சரிய ஆரம்பித்தது.

சயின்ஸ் சரிவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. காரணம் அப்பாவின் கண். அப்பா அனந்தகிருஷ்ணன் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் சூப்பர்வைசர். நான் ஒன்பதாவது படிக்கும்போது இரும்புத் துகள் ஒன்று அவர் கண்ணில் குத்திக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, "சார், என் காதையே பாத்துட்டு இருங்க, கம்மல் எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று பேச்சுக் கொடுத்தபடியே அதை எடுத்துவிட்டார். "நல்லா இருக்கு மேடம், எங்க வாங்கினது?" என்று அப்பா கேட்கும்போது வேலை முடிந்திருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு அங்கிருந்து நகர மனசு வரவில்லை. இந்த வேலைதான் வேண்டும் என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

நான் பத்தாவது போன வருஷம்தான் சி.பி.எஸ்.இ.யில் கணக்குக்கு இரண்டு பேப்பர் வந்தது. ஸ்டாண்டர்ட், பேசிக். பாடம் ஒன்றுதான், பேசிக்கில் கேள்விகள் எளிதாக இருக்கும். ஆனால் பேசிக் எழுதினால் ப்ளஸ் ஒன்னில் கணக்கு எடுக்க முடியாது. நீட்டில் கேட்பது ஃபிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் பயாலஜியும்தானே, எனக்கு எதற்கு ப்ளஸ் ஒன் கணக்கு? எந்தப் பேப்பர் என்று அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று ஸ்கூலில் சொல்லிவிட்டார்கள். நான் இட்லியைப் பிட்டபடி விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"பேசிக்கா?" என்றாள் அம்மா. கையில் சட்னிக் கரண்டி. "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நான் ஸ்டாண்டர்ட் எடுக்கிறேன். என் பொண்ணு பேசிக் எழுதுவாளா? அது மக்குப் பசங்க பேப்பர்னு எல்லாரும் பேசிக்கறாங்க. நாளைக்கு என்னை நம்பி எவ பிள்ளையை அனுப்புவா?"

அப்பாவின் பயம் வேறு. "பயோ-மேத்ஸ் எடுத்தா ரெண்டு கதவும் தொறந்திருக்கும்மா. மெடிக்கல் கிடைக்கலைன்னா இன்ஜினியரிங். ஒரு கதவை நீயே சாத்தறே, ஸ்ம்ருதி."

"ரெண்டு கதவையும் பாத்துக்கிட்டே நின்னா ரெண்டுலயும் நுழைய மாட்டேன்பா" என்றேன். "நல்லா வாய் பேசு" என்று அம்மா என் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதில் இன்னும் ஒரு இட்லி மிச்சம் இருந்தது.

அதற்கப்புறம் வீட்டில் மௌன விரதம். எங்கள் வீட்டு மௌன விரதத்தில் அப்பாதான் போஸ்ட்மேன். "அவகிட்ட சொல்லுங்க, காபி ஆறுது." "அம்மாகிட்ட சொல்லுங்கப்பா, எனக்குக் காபி வேணாம்." பாவம், அவர் யாருக்கும் சொல்லாமல் அந்தக் காபியையும் தானே குடித்துவிடுவார்.

ஸ்கூல் கொடுத்த கெடு நெருங்கியது. அம்மாவை மீறி அப்பா வர மாட்டார், அம்மாவும் வரவில்லையென்றால் ஸ்டாண்டர்ட் என்றே போய்விடும். ஒரு சாயந்திரம், டியூஷன் பிள்ளைகள் வருவதற்குள் மாடிக்குப் போய்ப் போர்டில் எழுதினேன்.

கொடுத்தது: ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, ஸ்ம்ருதி.
காண வேண்டியது: டாக்டர்.

அவ்வளவுதான். கீழே வழிமுறை எதுவும் எழுதவில்லை. அம்மா மேலே வந்தாள், படித்தாள், டஸ்டரைக் கையில் எடுத்தாள். அழிக்கவில்லை. அப்படியே நின்றாள். அதற்குள் திபுதிபுவென்று பிள்ளைகள் ஏறி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே மூச்சு வாங்க ஜோசலின் ஆன்ட்டி. என் கிளாஸில் படிக்கும் ஜாய்சனின் அம்மா. சேலையூரிலிருந்து பாதிப் பிள்ளைகளை டியூஷனுக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான். அவர் வாய்ச்சொல்லில் ஒரு டியூஷன் வாழும், இல்லை தாழும்.

"மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கும் எதையும் வேறு எப்படி எடுத்துக்கொள்வது? "உங்க ஸ்ம்ருதி பேசிக் எடுக்கப் போறாளாமே, ஜாய்சன் சொன்னான். அது எப்படி மிஸ், நீங்களே சொல்லிக்குடுத்தும்..."

பெஞ்ச் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு ஷீட்டைப் பிய்த்துக்கொண்டு மேலே பறந்துவிடலாம் போல இருந்தது. 'இல்லவே இல்லை, அவ ஸ்டாண்டர்ட்தான்' என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் அவள் மானம் பிழைத்துவிடும். என் கதை அதோடு முடிந்துவிடும். அவள் எதைச் சொல்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"ஆமாங்க, பேசிக்தான்" என்றாள் அம்மா.

டஸ்டரின் மறுமுனையால் போர்டைத் தட்டினாள். "இதப் பாருங்க. அவளுக்குக் காண வேண்டியது இது. இதுக்கு என்ன தேவையோ அதைத்தான் எடுத்துக்கறா. தேவையில்லாததையும் சேர்த்துப் போடுன்னு நானே சொன்னா, இத்தனை வருஷம் உங்க பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக்குடுத்தது பொய்யாயிடும்." அப்புறம் பெஞ்சைப் பார்த்து, "என்ன வேடிக்கை? நோட்டை எடுங்க" என்று ஒரு அதட்டல். ஜோசலின் ஆன்ட்டி எதற்காகப் படியேறி வந்தோம் என்பதையே மறந்து இறங்கிப் போனார்.

மறுநாள் ஸ்கூட்டியில் என்னை ஏற்றிக்கொண்டு ஸ்கூலுக்கு வந்தாள். கிளாஸ் டீச்சர், "மிஸ், நீங்க போய் பேசிக்கா?" என்று இழுத்ததற்கு, "நான் எழுதலைங்க, என் பொண்ணு எழுதறா" என்றாள். திரும்பும்போது கேம்ப் ரோடு சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசினாள். "போர்டுல எழுதினது சரி. ஆனா கையெழுத்து கேவலம்." நான் அவள் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன். அழுதேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

அதற்கு அவள் கொடுத்த விலை கொஞ்சமில்லை. அரைப் பரீட்சைக்குள் இரண்டு பெஞ்ச் காலியானது. அம்மா என்னிடம் ஒரு முறைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. கேட் போர்டில் 'சென்டமே நம் இலக்கு' வரியின் மேல் மட்டும் ஒரு நாள் பெயிண்ட் அடித்துவிட்டு, 'ஸ்டாண்டர்ட், பேசிக் இரண்டும் எடுக்கப்படும்' என்று எழுதச் சொன்னாள். வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அடுத்த வருஷம் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ஜோசலின் ஆன்ட்டி தன் சின்னப் பெண்ணோடு வந்து, "மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க, இவளுக்குப் பேசிக்..." என்றபோது அம்மா சிரிக்காமல் சேர்த்துக்கொண்டாள். நான் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

முதல் தடவை நீட்டில் கோட்டை விட்டேன். "அன்னைக்கே ஸ்டாண்டர்ட் எடுத்திருந்தா..." என்று அப்பா ஆரம்பித்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு திருமுடிவாக்கத்துக்குக் கிளம்பிவிட்டார். அந்த வருஷம் முழுக்க, நீட்டில் கால்குலேட்டர் கிடையாதே என்று, ஃபிசிக்ஸுக்கு வேண்டிய பெருக்கலையும் பின்னத்தையும் அம்மாவே என்னோடு உட்கார்ந்து போட்டாள். எந்தக் கணக்கைக் கண்டு ஓடினேனோ அதே கணக்கு. சுப்ரஜா மிஸ் பெண் என்ற பாரம் இறங்கிவிட்டதாலோ என்னவோ, உள்ளங்கை வியர்க்கவில்லை. அடுத்த தடவை சீட் கிடைத்தது. அப்பா தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தார், அம்மா அன்றைக்கும் கிளாஸ் எடுத்தாள்.

இப்போது இரண்டாம் வருஷம். போன வாரம் மருந்தியல் கிளாஸில் புரொஃபசர் ஒரு கணக்குக் கொடுத்தார். பன்னிரண்டு கிலோ குழந்தைக்குக் காய்ச்சல், கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் மருந்து, ஐந்து மில்லி சிரப்பில் நூற்றிருபது மில்லிகிராம் இருக்கிறது, எவ்வளவு கொடுப்பாய்? பக்கத்தில் எல்லாரும் ஃபோனைத் தேடினார்கள். என் கை தன் பாட்டுக்குத் தமிழில் 'கொடுத்தது' என்று எழுதிவிட்டது. கிளாஸில் முதலில் முடித்தது நான்தான். மார் தட்டிக்கொள்ளாமல் இருக்க முடியுமா? அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

டியூஷன் முடிந்து சாயந்திரம் பதில் வந்தது. என் 7.5-ஐச் சுற்றி ஃபோனிலேயே சிவப்பு வட்டம்.

"ஏழரை என்ன? மில்லியா, ஸ்பூனா? யாரோ ஒரு அம்மா இதைப் பார்த்து ஊத்தப் போறா. அரை மார்க் கட்."

ஏழரை ஸ்பூன் ஊற்றினால் அந்தக் குழந்தை என்ன ஆகும் என்று யோசித்ததும் ஹாஸ்டல் கட்டிலில் படுத்திருக்க முடியவில்லை. எழுந்துபோய் நோட்டைத் திறந்து 'மி.லி.' என்று எழுதினேன். பிறகு இத்தனை வருஷமாகச் சொல்லாத ஒன்றை அனுப்பினேன். "தேங்க்ஸ்மா. எல்லாத்துக்கும்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் எழுது" என்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "ஞாயித்துக்கிழமை வர்றியா? வத்தக்குழம்பு வைக்கிறேன்."